பூவின் முகம் மட்டும் போதாது: பெயர் தெரியாத தோட்டப் பூவைப் படம் பிடித்துக் கண்டறிவது எப்படி

சென்ற ஆடி மாதம் என் சித்தி ஒரு படம் அனுப்பினார். நீல வானம், நடுவில் ஒரு மஞ்சள் பூ, அவ்வளவுதான். “புதிதாக வாங்கிய வீட்டின் கொல்லையில் இந்தச் செடி நிற்கிறது. பேரன் அங்கேதான் விளையாடுகிறான். என்ன செடி என்று பார்த்துச் சொல்லப்பா” என்று கேட்டிருந்தார். குழல் போன்ற மஞ்சள் பூ, ஐந்து இதழ். நர்சரிகளில் டெக்கோமா என்று விற்பார்களே, அதுதான் என்று எழுதிவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சேர்த்து எழுதினேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. இந்தமுறை சித்தியின் உள்ளங்கையில் ஒரு பச்சைக் காய், விளிம்பில் மேடு தட்டிய முக்கோணக் காய். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது மஞ்சள் அரளி. விதை முதல் பால் வரை எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. வட இலங்கையின் மருத்துவமனைகள் 1980களிலிருந்து இந்த விதையைத் தின்றவர்களைக் காப்பாற்றப் போராடி வருகின்றன. உடனே சித்தியைக் கூப்பிட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பூவை மட்டும் காட்டும் படத்தைப் பார்த்து நான் பெயர் சொல்வதில்லை. இலையையும் காம்பையும் கேட்டு வாங்கிய பிறகுதான் சொல்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். செயலிகள் இருக்கின்றன, உதவ ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் விடை சரியாக இருக்குமா என்பது பெரும்பாலும் படம் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

படம் எடுப்பதற்கு முன்

காலை எட்டு மணிக்கு முன்போ, மேகம் மூடிய நேரத்திலோ எடுங்கள். உச்சிவெயிலில் வெள்ளைப் பூ வெளிறிப்போகும். செம்பருத்தி ஒரு சிவப்புத் திட்டாகத் தெரியும், உள்ளே நரம்பும் மடிப்பும் காணாமல் போய்விடும். வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்றால் உங்கள் நிழலோ குடையின் நிழலோ பூவின் மேல் விழும்படி நில்லுங்கள். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேமராக் கண்ணாடியை வேட்டி நுனியிலோ துப்பட்டாவிலோ ஒருமுறை துடைத்துவிடுங்கள். மங்கலான படங்களில் பாதிக்கு எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். மிக அருகே போனால் கைப்பேசியால் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒரு சாண் தூரத்தில் நின்று எடுத்து, பிறகு தேவையான பகுதியை வெட்டிக்கொள்வது நல்லது. பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். அது இலையின் விளிம்பைத்தான் முதலில் அழிக்கும், நமக்கு வேண்டியதோ அந்த விளிம்புதான். காற்றடித்தால் இடது கையால் தண்டைப் பிடித்துக்கொள்ளலாம். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் பின்னணியும் சுத்தமாகும், பூவின் அளவும் புரியும். சிறு பூவாக இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள்.

ஆறு படங்கள்

ஒரு செடிக்கு ஆறு படம் எடுக்கும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படம் முழுச் செடி: புதரா, கொடியா, மரமா, தரையில் படர்வதா என்று தெரிய வேண்டும். இரண்டாவது பூவை நேருக்கு நேர். மூன்றாவது பூவைப் பக்கவாட்டிலும் பின்புறத்திலும். நான்காவது இலைகள் தண்டில் சேரும் கணு. ஐந்தாவது ஓர் இலையின் மேற்புறமும் அடிப்புறமும். ஆறாவது காய், விதை, மொட்டு, முள் என்று வேறு எது கண்ணில் பட்டாலும் அது.

எல்லாரும் இரண்டாவது படத்தை எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதிகம் பேசுவது மூன்றாவதும் நான்காவதும்தான்.

மூன்றாவது படத்தின் அருமையை அறியச் சாமந்தியையும் துலுக்கச் சாமந்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் அடுக்கடுக்கான மஞ்சள் பந்து. பூவைத் திருப்புங்கள். துலுக்கச் சாமந்தியின் அடியில் பச்சைச் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு சிறு கோப்பை போல, ஒரே குழலாக இருக்கும். சாமந்தியின் அடியில் செதில்கள் தனித்தனியாக, ஓடு வேய்ந்தது போல வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். கூடவே துலுக்கச் சாமந்தியின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சின்னஞ்சிறு புள்ளிகள் ஒளி ஊடுருவித் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். அந்தச் செடியைத் தொட்டாலே கையில் ஏறும் நெடி அவற்றிலிருந்து வருவதுதான்.

செம்பருத்தியும் அப்படித்தான். அதன் பின்புறத்தில், மொட்டை மூடியிருந்த பச்சைப் புல்லி இதழ்களுக்கும் கீழே மெல்லிய பச்சைக் கீற்றுகள் இன்னொரு வட்டமாக இருக்கும். நடுவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குழலாக நீண்டிருக்கும். இந்தக் குழலைக் கண்டால், வெண்டைப் பூவையும் பருத்திப் பூவையும் பூவரசம் பூவையும் நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே குடும்பம். பெயர் தெரியாவிட்டாலும் குடும்பம் தெரிந்தால் பாதித் தூரம் வந்தாயிற்று.

இலை எது, சிற்றிலை எது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

கறிவேப்பிலையில் நாம் ஓர் இணுக்கு என்று கிள்ளுகிறோமே, தாவரவியல் கணக்கில் அந்த முழு இணுக்கும் ஒரே இலை. அதில் இருப்பவை சிற்றிலைகள். எப்படித் தெரியும் என்றால், உண்மையான இலைக்காம்பு தண்டோடு சேரும் அக்குளில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. கறிவேப்பிலைச் செடிக்குப் போய் விரலால் தடவிப் பாருங்கள், ஒருமுறை பார்த்தால் மறக்காது. நான்காவது படத்தில் இந்த அக்குள் தெளிவாக விழ வேண்டும்.

அடுத்து, ஒரு கணுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் மாற்றிலை. எதிரெதிரே இரண்டு என்றால் எதிரிலை. மூன்றோ அதற்கு மேலோ வட்டமாக இருந்தால் வட்ட அமைவு.

மல்லி வகைகளைப் பிரிக்க இந்த இலைக் கணக்கு எவ்வளவு உதவும் பாருங்கள். குண்டுமல்லிக்குத் தனி இலை, எதிரெதிராக. ஜாதிமல்லி என்றும் பிச்சி என்றும் சொல்வதற்குக் கூட்டிலை; ஒரு காம்பில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் இருக்கும், மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடும். முல்லை இலையின் அடியில் இரண்டு குட்டிக் காதுகள் போலச் சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். முல்லையின் அறிவியல் பெயரான ஜாஸ்மினம் ஆரிக்குலேட்டம் என்பதில் இரண்டாவது சொல்லுக்குப் பொருளே காதுள்ளது என்பதுதான். ஆவாரைக்கும் அதே சொல்தான் பெயரில் வருகிறது. ஆவாரங்கிளையில் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள், பச்சைக் காதுமடல் போல ஒன்று அகலமாகத் தண்டை அணைத்திருக்கும். மஞ்சள் பூவுள்ள மற்றக் கொன்றைகளிலிருந்து ஆவாரையைப் பிரித்துக்காட்ட எனக்கு இதைவிட எளிய அடையாளம் கிடைத்ததில்லை.

மூன்று மஞ்சள் குழல்கள்

இப்போது சித்தியின் கொல்லைக்குத் திரும்புவோம். நம் ஊர்த் தோட்டங்களில் மஞ்சள் குழல் பூ என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: டெக்கோமா, அலமண்டா, மஞ்சள் அரளி. நான் அன்றே செய்திருக்க வேண்டிய சோதனை இது.

இலையைப் பாருங்கள். டெக்கோமாவுக்குக் கூட்டிலை, எதிரெதிராக, சிற்றிலையின் விளிம்பு ரம்பம் போலிருக்கும். அலமண்டாவுக்கு அகலமான தனி இலை, பளபளப்பாக, ஒரு கணுவில் மூன்று நான்கு சேர்ந்து வட்டமாக. மஞ்சள் அரளிக்கு விரல் நீளத்துக்கும் மேலான குறுகிய இலை, கணுவுக்கு ஒன்றாகத் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும். இதிலேயே விடை வந்துவிடுகிறது.

உறுதி செய்ய ஓர் இலையைக் கிள்ளுங்கள். டெக்கோமாவில் பால் வராது. மற்ற இரண்டிலும் வெள்ளைப் பால் துளிர்க்கும். அந்தத் துளியையும் படமெடுங்கள், அது பெரிய சான்று. பால் கண்ணிலோ வாயிலோ படக்கூடாது. கிள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகளை இந்தச் சோதனையைச் செய்ய விடாதீர்கள்.

பூவிலும் வேறுபாடு உண்டு. மஞ்சள் அரளியின் இதழ்கள் பாதி விரித்த குடை போல ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், முழுதாக மலராது. அலமண்டா அகலமாக மலரும். டெக்கோமாவின் தொண்டைக்குள் மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரியும். காய் கிடைத்தால் சந்தேகமே இல்லை: டெக்கோமாவுக்குப் பயறு போன்ற நீண்ட மெல்லிய காய், அலமண்டாவுக்கு முள் அடர்ந்த உருண்டை, மஞ்சள் அரளிக்குச் சித்தியின் கையில் இருந்த அந்த முக்கோணம்.

காற்றாடி போல ஒரே பக்கம் திருகிய ஐந்து இதழும், கிள்ளினால் பாலும் இருந்தால் முதலில் அரளிக் குடும்பத்தில் தேடுங்கள். அரளி, நந்தியாவட்டை, ஈழத்தலரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. செவ்வரளிக்கும் வெள்ளரளிக்கும் ஒரு கணுவில் மூன்று இலை இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இதழ் எண்ணுவதும் நிறம் பார்ப்பதும்

இதழ் எண்ணிக்கை உதவும், ஆனால் இரண்டு இடங்களில் கைவிடும். ஒன்று அடுக்குப் பூ. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும், எண்ணிப் பயனில்லை. பின்புறம் திருப்பிப் புல்லி இதழை எண்ணுங்கள். மற்றொன்று இதழே அல்லாத இதழ். காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் வண்ணத் தாள்கள் மூன்றும் பூவடிச் செதில்கள், அதாவது நிறம் மாறிய இலைகள். உண்மையான பூ உள்ளே வெளிர்நிறத்தில் மெல்லிய குழலாக நிற்கிறது. சாமந்தி, சூரியகாந்தி வகையில் இன்னும் வேடிக்கை. ஒரு பூ என்று நாம் பறிப்பது பல நூறு சிறு பூக்கள் சேர்ந்த ஒரு தலை.

இட்லிப்பூவுக்கு, அதாவது வெட்சிக்கு, நான்கு இதழ். நர்சரியில் பென்டாஸ் என்று கிடைக்கும் செடியும் கொத்துக் கொத்தாக அதே தோற்றத்தில் பூக்கும், ஆனால் ஐந்து இதழ். ஒரு கொத்தில் ஒரு பூவை மட்டும் பார்த்து எண்ணாமல் நாலைந்தை எண்ணுங்கள்.

நிறத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பூவரசம் பூ காலையில் மஞ்சள், வாடும்போது செம்மை. உண்ணிச்செடியில் ஒரே கொத்தில் மூன்று நிறம் இருக்கும். நீலத்தையும் ஊதாவையும் கைப்பேசி அடிக்கடி மாற்றிக் காட்டுகிறது. ஆகவே கண்ணால் பார்த்த நிறத்தை ஒரு வரி எழுதி வையுங்கள்.

படத்தில் விழாதவற்றை எழுதி வையுங்கள்

மணம், பால், தொட்டால் சொரசொரப்பா, எந்த நேரத்தில் மலர்கிறது, எந்த ஊர், எந்த மாதம். இவை ஒரு சீட்டில் நான்கு வரி. பவழமல்லியின் இலையைத் தடவினால் உப்புத்தாள் போலிருக்கும், படத்தில் அது தெரியாது. அது இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதும் தெரியாது. அந்திமந்தாரை மாலை நான்கு மணி வாக்கில் விரியும். பகலில் எடுத்த படத்தில் சுருங்கிய மொட்டுகள்தான் இருக்கும். மனோரஞ்சிதத்தின் பூவோ பச்சையாக இலைக்குள் மறைந்திருக்கும், மணம்தான் நம்மை அங்கே அழைத்துப் போகும்; போனதும் பூக்காம்பு கொக்கி போல வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செயலியிடம் கேட்பது

கூகுள் லென்ஸ் வேகமானது. ஆனால் அது இணையத்தில் ஒத்த தோற்றமுள்ள படங்களைத்தான் தேடுகிறது. செடிக்கென்றே உள்ள பிளாண்ட்நெட்டில் ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்து, இது பூ, இது இலை, இது காய், இது பட்டை என்று குறிக்கலாம். ஆறு படம் எடுத்த உழைப்பு இங்கே பலன் தரும். ஐநேச்சுரலிஸ்ட் வேறு வகை. செயலி ஒரு பெயரைப் பரிந்துரைத்த பிறகு, செடி தெரிந்த மனிதர்களும் பார்த்துத் திருத்துவார்கள். நட்டு வளர்த்த செடி என்றால் அங்கே அப்படியே குறித்துவிட வேண்டும், இயற்கையாக வளர்வதாகப் பதியக்கூடாது. வீட்டுத் தோட்டமாக இருந்தால் இருப்பிடத்தைத் தோராயமாக மட்டும் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முகவரியை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் செயலியானாலும் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நான்கைந்து பெயர்களையும் திறந்து, அவற்றின் இலைப் படத்தை உங்கள் நான்காவது, ஐந்தாவது படங்களோடு ஒப்பிடுங்கள். இலை ஒத்துவராத பெயரை அடித்துவிடுங்கள், பூ எவ்வளவு ஒத்திருந்தாலும் சரி. ரோஜா, ஆர்க்கிட், கலப்பினச் செம்பருத்தி போன்றவற்றில் பேரினப் பெயரோடு, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லோடு, நின்றுவிடுவதே நேர்மை. நூற்றுக்கணக்கான கலப்பு ரகங்களை இலைக் கணக்கில் பிரிக்க முடியாது. விற்றவரிடம் கேட்டால் ரகத்தின் பெயர் கிடைக்கலாம்.

கிடைத்த பெயரை அறிவியல் பெயராகவே குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்கள் எனக்கு உயிர், ஆனால் ஊருக்கு ஊர் மாறும். துலுக்கச் சாமந்தி தெற்கே கேந்தி, வேறு பல ஊர்களில் செண்டுமல்லி. பவழமல்லியைப் பாரிஜாதம் என்பவர்களும் உண்டு. அறிவியல் பெயரையும் உங்கள் வீட்டில் சொல்லும் பெயரையும் அருகருகே எழுதி வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

மனிதர்களிடம் கேட்பது

“இது என்ன பூ?” என்று ஒரே படத்தை அனுப்பினால் ஒரே சொல்லில் பதில் வரும், அது ஊகமாக இருக்கும். ஆறு படத்தையும் ஒன்றாக அனுப்பி, ஊர், மாதம், செடியின் உயரம், மணம், பால் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி நுணுக்கம் போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள். பதில் சொன்னவரிடம் “எதை வைத்துச் சொன்னீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். அந்தக் காரணம்தான் அடுத்த செடிக்கு உதவும். நல்ல ஆட்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

வேலியோரத்திலோ காட்டோரத்திலோ கண்டது எதிலும் சேராமல் நின்றால், பூவும் இலையும் உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி உலர்த்தி வையுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் அதன் பெரிய உலர்தாவரச் சேமிப்பும் கோயம்புத்தூரில் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். படத்தை வைத்துக் கண்டறிந்த பெயரை நம்பி எதையும் தின்னவோ, கஷாயம் வைக்கவோ, மாட்டுக்குப் போடவோ கூடாது. செயலி நூற்றுக்குத் தொண்ணூறு என்று காட்டினாலும் கூடாது.

இந்த ஐப்பசியில் என் வீட்டு வேலியோரம், மழைக்குப் பிறகு, பெயர் தெரியாத ஒரு கொடி முளைத்தது. பூ இல்லை, மொட்டுக்கூட இல்லை. ஆறில் நான்கு படம்தான் எடுக்க முடிந்தது. ஐந்தாவதற்காக ஓர் இலையைப் பிடித்துத் திருப்பியபோது அதன் நுனி என் விரலைத் தொட்டது. அது சாதாரண நுனி இல்லை; நூல் போல மெலிந்து, சுருண்டு, பக்கத்து வேலிக்கம்பியைப் பற்றிக்கொள்ளத் தயாராக இருந்தது. இலை நுனியே பற்றுக்கம்பியாகும் கொடி என்றதும் எனக்குச் செங்காந்தள் நினைவு வந்தது. அது நம் மாநில மலர், அதன் கிழங்கு கடும் நஞ்சு. தோட்ட வேலைக்கு வருகிற அக்காவிடம் அந்த இடத்தைக் கொத்த வேண்டாம் என்று சொல்லி, ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். மூன்று வாரம் கழித்து முதல் பூ தலைகீழாகத் தொங்கியது. ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, விளிம்பு நெளிநெளியாக, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக. விடுபட்டிருந்த இரண்டு படங்களையும் அன்று எடுத்துவிட்டேன்.